மருமகள் பள்ளிக்குழுத் தேர்தலில் நின்ற ஆடி மாதம்

ஜூலை 21, ஞாயிறு

காற்று. தாள் பறக்கிறது. நோட்டின் மேல் சொம்பை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணல்தான். ஒன்று பூசணிக்காய் அளவு, அடுத்தது எறும்பு அளவு. கோடு போட்ட நோட்டுதான், ஆனால் என் எழுத்து கோட்டின் மேல் உட்கார மாட்டேன் என்கிறது. யாரும் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் இந்த நோட்டிடமே ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுபது தாண்டிய கை. கடப்பாரை பிடித்துக் காய்த்த கை. பேனா பிடித்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை.

எழுத்தறிவு வகுப்பில் கலைவாணி டீச்சர் சொன்னது: "தெனமும் நாலு வரி எழுதுங்க தாத்தா. எதையாவது எழுதுங்க. கை நிறுத்திட்டா மறந்துடும்."

எதை எழுதுவது என்று யோசித்தேன். கிடைத்துவிட்டது. என் மருமகள் மஞ்சுளா பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி பதவிக்கு நிற்கப் போகிறாள். அதையே எழுதுவேன்.

குழு என்றால்: எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கூடி, கையைத் தூக்கி ஆட்களைத் தேர்ந்தெடுப்பது. தலைவியாக ஒரு தாய்தான் வர வேண்டும். இரண்டு வருடம். சம்பளம் இல்லை. கையெழுத்து உண்டு.

மஞ்சுளாவை இனி ம. என்று எழுதுவேன். அந்த ஞ-வைச் சுழிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது.

இன்று எழுதியதைத் திருப்பிப் படித்தேன். எல்லாம் நான் எழுதியதுதான்! சந்தோஷம்.

ஜூலை 22, திங்கள்

தூறல். தக்காளி விலை ஏறுகிறதாம். வகுப்பு உண்டு.

ம. வந்த வழி, எனக்குத் தெரிந்த வரை:

பிறந்தது ஆனேக்கல் பக்கம், கர்நாடகா. கன்னடப் பள்ளியில் ஒன்பதாவது வரை. அந்த வருடம் அவள் அப்பா வளர்த்த பட்டுப்பூச்சி எல்லாம் நோய் வந்து செத்தது, படிப்பும் நின்றது. என் மகன் மாதேஷைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். தமிழ் தெரியாது. "சோறு", "போதும்" என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு முதல் மாதத்தை ஓட்டினாள். என் மனைவி உயிரோடு இருந்த காலம். இருவரும் கையாலேயே சண்டை போட்டுக்கொள்வார்கள், கையாலேயே சமாதானம் ஆவார்கள்.

பிறகு ரோஜாக் கொட்டகையில் பூ பிரிக்கும் வேலை. பிறகு வயர் கம்பெனி. காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்ப்பது. இப்போது அங்கே லைன் லீடர். ஒடிசாப் பெண்களோடு இந்தி, தருமபுரிப் பெண்களோடு தமிழ், சூப்பர்வைசரோடு தெலுங்கு. கோபம் வந்தால் கன்னடம்.

தமிழ் படிக்கக் கற்றது பேத்தி நந்தினியின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில். ஆக இந்த வீட்டில் பெரியவர்களாகிப் படித்தவர்களில் நான் இரண்டாவது ஆள். இது இப்போதுதான் உறைக்கிறது.

மாலை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"எதுக்கும்மா உனக்கு இந்த வேலை?"

"மேல லைன் வீட்டுப் பையன் டெம்போல அடிபட்டான் இல்ல மாமா? அவங்கம்மா எம் பக்கத்து டேபிள்தான். உள்ள போனை எடுத்துக்கினு போவக் கூடாது. லாக்கர்ல வெச்சிடணும். சாயந்திரம் பஸ்ல ஏறினப்பறம்தான் ஆன் பண்ணா. வரிசையா மிஸ்டு கால். நான் பக்கத்து சீட்டுல உக்காந்திருந்தேன் மாமா."

கத்தி நிற்கவில்லை, நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ஸ்கூல் நாலு மணிக்கு விடுது. கம்பெனி பஸ் வர்றது ஏழு மணிக்கு. நடுவுல அந்தப் பசங்க எங்க போவும்? நந்தினிக்கு நீங்க இருக்கீங்க. லைன் வீட்டுல யாரு இருக்கா? பஸ் வர்ற வரைக்கும் ஒரு ரூமைத் தொறந்து வெச்சா போதும்."

"எந்த ரூமு?"

இப்போது கத்தி நின்றது.

"லைட்டு எரியற ரூமு ஒண்ணுதானே மாமா இருக்குது."

அது எங்கள் வகுப்பு நடக்கும் அறை. மற்ற அறைகளில் ஓடு ஒழுகும், விளக்கும் இல்லை. அவள் பீன்ஸை வாரி அலசப் போனாள்.

ஜூலை 24, புதன்

வெயில். மாதேஷ் லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் போனான்.

ம. இதற்கு முன் இரண்டு தேர்தல் பார்த்தவள். இரண்டிலும் தோல்வி.

முதல் தேர்தல், பஞ்சாயத்து வார்டு. சின்னம் தண்ணீர்க் குழாய். அந்தக் கோடையில் எங்கள் தெருக் குழாயில் காற்றுதான் வந்தது. ம. நோட்டீஸ் கொடுக்கப் போன இடமெல்லாம் ஒரே பேச்சு. "கொழாயைக் காட்டி ஓட்டு கேக்கறியே, தண்ணியைக் காட்டு முதல்ல." "இந்தக் கொழாய்லயாவது வருமா?" ம. முகம் சிவந்து வருவாள். வந்து குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போவாள். எண்ணி முடித்தபோது எங்கள் சொந்தக்காரர்களின் ஓட்டே முழுதாக விழவில்லை. யார் யார் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எழுத மாட்டேன்.

இரண்டாவது, இதே பள்ளிக்குழு, போன முறை. அது தேர்தல் என்றே சொல்ல முடியாது. நாகவேணியம்மாதான் தலைவி என்று அவர் வீட்டு வாசலிலேயே முடிவு செய்துவிட்டு வந்தார்கள். பள்ளியில் ஜூஸ் கொடுத்தார்கள். ம. எழுந்து, "நானும் நிக்கறேன்" என்றாள். "உன் பேரை யாரும்மா முன்மொழியறது?" என்று யாரோ கேட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். முன்மொழிய வேண்டியவர்கள் எல்லாம் பகல் ஷிஃப்டில். ம. ஜூஸ் குடிக்காமல் வந்துவிட்டாள்.

நாகவேணியம்மா யார் என்று எழுத வேண்டும். பூ வியாபாரம், நிலம், இரண்டு மாடி. கடைசிப் பையன் இதே பள்ளியில். அவர் மாமனார் தோட்டத்தில் நான் தக்காளிக்குக் குச்சி நட்டவன். கெட்டவர் இல்லை. எங்கள் வகுப்புக்கு அந்த அறையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். டியூப் லைட் அவர் போட்டது, மின்விசிறி அவர் போட்டது. இதை எழுதாமல் விட்டால் தப்பு.

கை வலி. போதும்.

ஜூலை 27, சனி

காலையில் மேகம், பிறகு ஒன்றும் இல்லை. பல் ஒன்று ஆடுகிறது.

நாகவேணியம்மா இன்று வீட்டுக்கே வந்தார். இத்தனை வருடத்தில் எங்கள் தெருவுக்குள் வந்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். என்னைவிட இருபத்தைந்து முப்பது வயது சின்னவர். எப்போதும் "எல்லப்பா, இங்க வா" என்பார். இன்று:

"எல்லப்பண்ணா, நல்லா இருக்கீங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன், பின்னால் வேறு எல்லப்பன் நிற்கிறானா என்று.

நாற்காலி போட்டேன். உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார், பக்கத்தில் வைத்தார், குடிக்கவில்லை.

"படிக்க வருதாமே உங்களுக்கு? கலைவாணி டீச்சர் சொன்னாங்கோ. நான் அந்த ரூம் வாங்கிக் குடுத்தது வீண் போவல."

"ஆமாங்கம்மா. உங்க தயவு."

"உங்க மருமக அந்த ரூமை மூடிடும்போல இருக்குதே."

"மூடலைங்கம்மா. பசங்களுக்குத் தொறக்கறாங்களாம்."

"பசங்களுக்குத் தொறந்தா உங்களுக்கு மூடனதுதானே? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா. வீட்டுப் பெரியவர் பேச்சை அது தட்டுமா?"

"அவ கேக்கற ஆளு இல்லைங்கம்மா."

சிரித்தார். போனார். தண்ணீர் அப்படியே இருந்தது. நான் செடிக்கு ஊற்றினேன்.

அண்ணா என்று கூப்பிட்டது காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. பொய் எழுத மாட்டேன்.

ஜூலை 30, செவ்வாய்

வகுப்பில் ரகளை. விஷயம் பரவிவிட்டது.

கெம்பம்மா, என் வயதுதான், அவல் இடித்தே தோள் வலுத்தவள்: "ஏனப்பா எல்லப்பா, உன் மருமக எங்களைத் தெருவுல நிறுத்தப் போறாளாமே? இப்பதான் 'க' எழுத வருது எனக்கு. அதுக்குள்ள எழுப்பி விட்டா எப்படி?"

திம்மராயன், கல் குவாரியில் என்னோடு வேலை செய்தவன்: "கம்பெனிக்காரங்க இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்கு வேற ஊரு போவாங்க. அவங்க பசங்களுக்காக நாம எதுக்கு எந்திரிக்கணும்?"

நான்: "நாமளும்தான் நாளைக்குப் போவோம்."

கெம்பம்மா: "நீ போ. எனக்கு இன்னும் மெய்யெழுத்து இருக்குது."

கலைவாணி டீச்சர் சிரித்துவிட்டார். வகுப்பை ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். அவருக்கு உத்தனப்பள்ளி பஸ் அதற்கு முன்னால் போய்விடுமாம்.

இன்று புதிதாக எழுதியது: மழைக்காலம். ழ நன்றாக வந்தது. மூன்று முறை எழுதினேன், ஆசைக்கு.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காற்று. வேட்டி காயவில்லை.

ம. பிரச்சாரம் வீடு வீடாக இல்லை. கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில்தான். விடியற்காலையில் பஸ் வரும் வரை அந்த மரத்தடியில் பெண்கள் நிற்பார்கள். அங்கே பேசுவாள். பஸ்ஸுக்குள்ளும் பேசுவாள். நான் பால் வாங்கப் போகிற சாக்கில் நின்று கேட்டேன்.

"உம் பையன் நாலு மணிலருந்து எங்க இருக்கான், சொல்லு?"

"பஞ்சர் கடைல உக்காந்திருப்பான் அக்கா."

"பஞ்சர் கடைக்காரன் உன் மாமியாரா?"

சிரிப்பு.

ஒடிசாப் பெண் ஒருத்தி, சபிதா என்று பெயர், ஏதோ இந்தியில் கேட்டாள். ம. இந்தியில் பதில் சொன்னாள். பிறகு எனக்கு விளக்கினாள். "எனக்கு இங்க ஓட்டர் கார்டு இல்லியே, நான் எப்படி ஓட்டு போடறதுன்னு கேக்கறா மாமா. இதுக்குக் கார்டு எதுக்கு? பிள்ளை இந்த ஸ்கூல்ல படிச்சா போதும்."

நாகவேணியம்மா பக்கம் இதை யாரும் யோசிக்கவில்லை. அவர்கள் ஊருக்குள்தான் சுற்றுகிறார்கள். லைன் வீட்டுப் பக்கம் ஒரு ஆள் போகவில்லை. அங்கே ஓட்டு இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு சிக்கல். தேர்தல் அடுத்த சனிக்கிழமை காலையில். கம்பெனிக்குச் சனி லீவு இல்லை. பகல் ஷிஃப்டில் இருப்பவர்கள் வர முடியாது. போன முறை நடந்ததே மறுபடி நடக்கும்.

ம. ஒரு வழி கண்டுபிடித்தாள். பள்ளியில் பிள்ளை இருக்கும் பெண்கள் எல்லோரும் அடுத்த வாரம் ராத்திரி ஷிஃப்டுக்கு மாற்றிக் கேட்பது. ராத்திரி வேலைக்கு ஆள் கிடைக்காத கம்பெனி, சூப்பர்வைசருக்குச் சந்தோஷம். எல்லோருக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டார்.

"பகல்ல எல்லாரும் வீட்டுலதான் இருப்போம் மாமா. ஒருத்தரும் தப்ப முடியாது."

புத்திசாலி.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஆடி மாதம், பக்கத்து ஊரில் பண்டிகை, மைக் செட். எழுதக் கவனம் வரவில்லை.

டீக்கடையில் கேட்டவை:

"மஞ்சுளா ஜெயிச்சா ஸ்கூல்ல இந்தி சொல்லித் தருவாங்களா?"

"அந்தப் பொண்ணு தமிழே கன்னடத்துல பேசுது."

"நாகவேணியம்மா ரெண்டு வருசத்துல எத்தனை கூட்டம் போட்டாங்க, சொல்லு. நோட்டை வீட்டுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கினாங்க."

"எல்லப்பண்ணன் எந்தப் பக்கம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஓட்டே இல்லை என்றேன். மாதேஷ் லோடில் இருப்பான், எங்கள் வீட்டுக்கு ம. மட்டும்தான். "ஓட்டு இல்லன்னா என்னா, மனசு இல்லியா?" என்றார் டீ ஆற்றுபவர். வடை நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

தூறல். பல் விழுந்துவிட்டது, வலி இல்லை.

ம. நாலாவது ராத்திரியாக வேலைக்குப் போகிறாள். காலையில் வருகிறாள், சமைக்கிறாள், நந்தினியை அனுப்புகிறாள், லைன் வீடுகளுக்குப் பேசப் போகிறாள், சாயந்திரம் பஸ் ஏறுகிறாள். எப்போது தூங்குகிறாள்? இன்று ரசத்தில் உப்பு இரண்டு தடவை. சொல்லவில்லை. குடித்தேன்.

வகுப்பில் இன்று என் பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் சேர்த்து எழுதச் சொன்னார்கள். கிருஷ்ணகிரியில் ஷ் கஷ்டம். டியூப் லைட் ஒரு மாதிரி துடித்தது, கெம்பம்மா குச்சியால் தட்டினாள், சரியாகிவிட்டது. அறையை ஒரு சுற்றுப் பார்த்தேன். மின்விசிறி, கரும்பலகை, ஜன்னல், நாங்கள் உட்காரும் பாய்.

ஆகஸ்ட் 10, சனி

தேர்தல். நிறைய இருக்கிறது, நிதானமாக எழுதுகிறேன்.

காலையில் ம. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். குளித்தாள். நல்ல புடவை கட்டினாள். கனகாம்பரம் வாங்கி வைத்திருந்தாள். "ஒரு வாய் டீ குடிச்சிட்டுக் கிளம்பறேன் மாமா" என்றாள். நந்தினி பக்கத்துத் தெருவில் விளையாடப் போய்விட்டது. நான் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி மைக்கில் தலைமை ஆசிரியர் பேசுவது வீடு வரை கேட்டது. "பெற்றோர்கள் அனைவரும் விரைந்து வரவும்." இரண்டாவது தடவையும் சொன்னார். ம. இன்னும் கிளம்பவில்லையே என்று உள்ளே எட்டிப் பார்த்தேன்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் சீப்பு. டீ பக்கத்தில், மேலே ஆடை கட்டியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மைக் கத்துகிறது, அசைவில்லை.

நின்றேன். எழுப்பாமல் விட்டால் அந்த அறை எங்களுக்கு. யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. வேலைக்குப் போய்வந்த பெண், பாவம், தூங்கட்டும் என்று விட்டேன் எனலாம். அப்படி நினைத்தேன், நினைத்ததால் எழுதுகிறேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மைக் மூன்றாவது தடவை கூப்பிட்டது.

"எந்திரிம்மா."

கண்ணைத் திறந்தாள். "பஸ் வந்துடுச்சா?"

"பஸ் இல்லம்மா. ஓட்டு."

பூவைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

பள்ளியில் முன்வரிசை நாற்காலி எல்லாம் நாகவேணியம்மா பக்கத்துப் பெண்கள். பட்டுப்புடவை, தலை நிறைய பூ. பின்னால் நாற்காலிகள் காலி. ம. ஆட்கள் ஒருவர்கூட இல்லை.

தலைமை ஆசிரியர் திருநெல்வேலிக்காரர். "என்னம்மா, உங்க ஆளுக ஒருத்தரையும் காணோம்? நான் எவ்வளவு நேரம்தான் பாத்துக்கிட்டிருக்க? பதினொண்ணு அடிச்சா ஆரம்பிச்சிருவேன், பாத்துக்கிடுங்க."

ம. போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. இன்னொருத்திக்குப் போட்டாள். எடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மருமகளே தூங்கியிருந்தால் மற்றவர்கள்? ராத்திரி ஷிஃப்டுக்கு மாற்றினால் பகலில் வீட்டில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டோம். வீட்டில்தான் இருந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்க ஒருவருக்கும் இது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கெம்பம்மாவும் திம்மராயனும் வேடிக்கை பார்க்க வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

"லைன் வீட்டுக்குப் போய் எழுப்பணும். வர்றீங்களா?" என்றேன்.

கெம்பம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எழுப்பினா நம்ம கிளாஸ் போச்சு. தெரியுதா உனக்கு?"

"தெரியுது."

"உனக்கென்ன, நீ படிச்சி முடிச்சிட்ட."

"வர்றியா, இல்லியா?"

"நட. வாயால எழுப்பினா எந்திரிக்குமா அதுங்க? ராத்திரி பூரா நின்னுட்டு வந்ததுங்க."

போகிற வழியில் அவள் வீட்டுக்குள் நுழைந்து ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டாள். திம்மராயன் வரவில்லை. அவன் இஷ்டம்.

லைன் வீடு என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கதவுகள். ஒவ்வொரு கதவும் சாத்தியிருந்தது. உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும். கெம்பம்மா தட்டை அடித்தாள் பாருங்கள்! கோயில் திருவிழாவில்கூட அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

"எந்திரிங்கடி! ஏள்ரீ! உட்டோ!"

தமிழ், கன்னடம், இந்தி. மூன்றும் ஒரே மூச்சில். நான் கையால் கதவைத் தட்டினேன். ஒரு கதவு திறந்தது. இன்னொன்று. "என்னா பாட்டி, தீயா?" என்று ஒருத்தி அலறினாள்.

"தீதான். மஞ்சுளா தோக்கறா. ஓடு!"

சபிதாதான் கடைசி. அவள் எழுந்திருக்கவே இல்லை. கெம்பம்மா உள்ளே போய் முகத்தில் தண்ணீர் தெளித்துக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

புடவை மாற்ற நேரம் இல்லை. நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு, கொண்டையை முடிந்துகொண்டு, செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு, தெரு முழுக்க ஓடினார்கள். டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். நானும் கெம்பம்மாவும் பின்னால் மெதுவாக. அவளுக்கு மூச்சு வாங்கியது, ஆனால் தட்டை விடவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாக்குவாதம். நாகவேணியம்மா பக்கத்துப் பெண் ஒருத்தி, "நைட்டியோட வந்து ஓட்டு போடறாங்களே, இது ஸ்கூலா வீடா?" என்றாள்.

தலைமை ஆசிரியர்: "என்ன உடுத்திட்டு வரணும்னு விதியில ஒண்ணும் போடலம்மா. பிள்ளை பேரைச் சொல்லுங்க, உக்காருங்க."

கை தூக்கச் சொன்னார்கள். முதலில் நாகவேணியம்மாவுக்கு. பிறகு ம.வுக்கு. பின்வரிசையில் தூக்கிய கையை இறக்காமலே ஒருத்தி மறுபடி தூங்கிவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்து இறக்கினாள். இரண்டு தடவை எண்ணினார்கள்.

ம. ஜெயித்தாள்.

அவள் அழவில்லை, சிரிக்கவில்லை. கையில் வைத்திருந்த பூவை அப்போதுதான் தலையில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து படுத்தவள்தான், இதை எழுதும் வரை எழுந்திருக்கவில்லை. மாலை பஸ்ஸுக்கு நான்தான் எழுப்ப வேண்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கை இரவெல்லாம் வலி. நேற்று அவ்வளவு எழுதியது தப்பு. இன்று கொஞ்சம்.

நாகவேணியம்மாவை வழியில் பார்த்தேன். "எல்லப்பா, உங்க தெருவுல பால்காரன் வந்தானா?" என்றார். வந்தான் என்றேன்.

பழைய கூப்பிடல். ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வெயில். இன்று ம.வுக்கு வார லீவு. பிள்ளைகளும் நாங்களும் ஒரே அறையில் இருக்க முடியுமா என்று பார்க்கலாம் என்றாள். பாதி அறை எங்களுக்கு, பாதி அறை லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு.

நடக்கவில்லை. பிள்ளைகள் கூட்டம், சத்தம், கலைவாணி டீச்சர் சொல்வது காதில் விழவில்லை. திம்மராயன் "கூ, கூ" என்று எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் "குயிலு! குயிலு!" என்று கத்திச் சிரித்தன. திம்மராயன் நோட்டை மூடிவிட்டான். கெம்பம்மா, "சிரிச்சா பல்லைப் பிடுங்கிடுவேன்" என்றாள். அதற்கும் சிரிப்பு.

ம. வாசலில் நின்று பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன், ஆனால் எழுதியது வெறும் கோடு.

வீட்டில் சாப்பிடும்போது, "வேற எடம் பாக்கறேன் மாமா, கொஞ்ச நாள் ஆவும்" என்றாள்.

"பாரும்மா."

"கோவமா?"

"சோறு போடு."

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். ம. தலைமை ஆசிரியர் பக்கத்தில் நின்றாள். அதே நல்ல புடவை. மிட்டாய் கொடுத்தார்கள். பிறகு குழு கூடியது, உள்ளே ஒரு மணி நேரம் பேச்சு. வார லீவில் இருக்கும் தாய் ஒருத்தி முறை வைத்துப் பிள்ளைகளோடு உட்காருவதாக முடிவாம். நாகவேணியம்மாவும் உறுப்பினராகப் போய் உட்கார்ந்தார், அது நல்லது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ரீஃபில் மங்குகிறது. சந்தையில் புதிது வாங்கி வந்த பிறகு வரும் வாரம் விரிவாக எழுதுவேன். இன்று நடந்ததை மட்டும்.

மாலை வழக்கம்போல வகுப்புக்குப் போனோம். கெம்பம்மா, திம்மராயன், நான், இன்னும் சிலர். அறை பூட்டியிருந்தது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கலைவாணி டீச்சர் வரவில்லை.

"என்னடா போட்டிருக்குது?" என்றான் திம்மராயன்.

எல்லோரும் எனக்கு வழி விட்டார்கள். நான் தாளுக்குப் பக்கத்தில் போய், விரலை வைத்து, சத்தமாகப் படித்தேன்.

"அறிவிப்பு. வரும் திங்கள் முதல் மாலை நேரத்தில் இவ்வறை..." அங்கே கொஞ்சம் தடுக்கியது, திரும்பப் படித்தேன், வந்துவிட்டது. "...இவ்வறை மாணவர்களுக்காகத் திறந்திருக்கும். எழுத்தறிவு வகுப்பு இன்று முதல் மறு அறிவிப்பு வரும் வரை நடைபெறாது. தலைவி, பள்ளி மேலாண்மைக் குழு." கீழே மஞ்சுளா என்று தமிழில் கையெழுத்து. ஞ என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

திம்மராயன் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான்.

கெம்பம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "ஒரு எழுத்து உடாம படிச்சிட்டியேடா."

"ஆமா."

"இன்னொரு வாட்டி படி. நான் விரல் வெச்சுக்கினு வர்றேன்."

படித்தேன். இரண்டாவது தடவை இன்னும் வேகமாக வந்தது.